கால்கள் ஓய்ந்த பின்னும் களத்தில் நின்றவர்

1928ஆம் ஆண்டு நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலேதான் பெண்கள் முதன்முறையாக மெய்வல்லுநர் போட்டிகளில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அதுவும் ஐந்தே ஐந்து போட்டிகளில்! ஓடினால் பெண்ணின் உடல் கெட்டுவிடும், பிள்ளைப்பேறு பாதிக்கப்படும் என்று மருத்துவர்களே கூறிய காலம் அது. அந்த விழாவுக்குக் கனடா அனுப்பிய ஆறு மெய்வல்லுநர் வீராங்கனைகளுள் ஒருவர் பொபி ரோசன்பெல்ட்.

இவரது இயற்பெயர் பனி. கூந்தலைக் குட்டையாகக் கத்தரித்திருந்ததால் 'பொபி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1904இல் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த உக்ரேனில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். யூதர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். கைக்குழந்தையாக இருந்த இவருடன் பெற்றோர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தனர். பரி என்ற சிறு நகரில் தந்தை பழைய சாமான் வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1922இல் குடும்பம் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு ஒரு சொக்லேற் தொழிற்சாலையில் பொபி சுருக்கெழுத்தாளராக வேலை செய்தார். வேலை முடிந்த பின்னரே விளையாட்டு. யூத இளம் பெண்கள் சங்கத்தில் கூடைப்பந்து, பனிக்காலத்தில் ஐஸ் ஹொக்கி, கோடையில் டெனிஸ். எங்கள் 'எல்லே' போலப் பந்தை அடித்துவிட்டு ஓடும் சொப்ட்போல் ஆட்டத்திலும் முன்னணியில் நின்றார். 1923இல் தோழியரின் வற்புறுத்தலால் ஒரு 100 யார் ஓட்டத்தில் கலந்துகொண்டு, கனடாவின் அப்போதைய சம்பியனான ரோசா குரோசை முந்தினார். 1925இல் ஒன்ராறியோ மாகாணப் போட்டியில் ஒரே நாளில் பரிதிவட்டம், குண்டு போடுதல், நீளம் பாய்தல், தடைதாண்டல், 220 யார் ஓட்டம் ஆகிய ஐந்திலும் முதலிடம் பெற்றார். 100 யார் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் இரண்டாமிடம்.

அம்ஸ்ரர்டாமில் 100 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 4x100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் இவரது அணி உலக சாதனையுடன் தங்கம் வென்றது. ஆனால் இவரை நினைக்கும்போது என் மனதில் முதலில் வருவது பதக்கம் எதுவும் கிடைக்காத 800 மீற்றர் ஓட்டம்தான்.

அதற்கென அவர் பயிற்சி பெற்றிருக்கவில்லை. காலில் காயம்பட்டிருந்த 17 வயதுச் சக வீராங்கனை ஜீன் தொம்சனுக்குத் துணையாகவே இறங்கினார். கடைசிக் கட்டத்தில் ஜீன் தளர்ந்ததைக் கண்டு, பின்னாலிருந்து வேகமாக வந்து அவருக்கு அருகில் சேர்ந்தார். முந்திச் செல்லவில்லை. உற்சாகப்படுத்தியபடியே கூட ஓடி, ஜீனை நாலாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டவிட்டுத் தான் ஐந்தாவதாக வந்தார்.

அந்த ஓட்டத்தில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் எனப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. விளைவு, பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 1960இல்!

மறு ஆண்டே பொபியை மூட்டுவாதம் தாக்கியது. எட்டு மாதங்கள் படுக்கை, பின்னர் ஏறக்குறைய ஒரு வருடம் ஊன்றுகோல். அப்போது அவருக்கு வயது 25கூட நிறையவில்லை. எழுந்து வந்து 1931இல் சொப்ட்போலிலும் 1932இல் ஐஸ் ஹொக்கியிலும் மீண்டும் சிறந்து விளங்கினார். ஆனால் 1933இல் நோய் திரும்பவும் வந்தது. அத்துடன் விளையாடும் காலம் முடிந்தது.

"முந்தியெண்டால் செய்திருப்பன், இப்ப ஏலாது." வீடுகளுக்குச் செல்லும்போது நான் அதிகம் கேட்கும் வார்த்தை இது. காலை இழந்தவர், கையில் சன்னம் பட்டவர், ஒரே நாளில் வாழ்வாதாரத்தை இழந்தவர் சொல்வது பொய்யல்ல. பொபிக்கும் ஏலாமல்தான் போனது. அவர் ஓட்டத்தை விட்டார், களத்தை விடவில்லை. 1934இல் லண்டனில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில் கனடிய வீராங்கனைகளுக்குப் பயிற்றுநரானார். 1937 முதல் 'குளோப் அன்ட் மெயில்' பத்திரிகையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விளையாட்டுப் பத்தி எழுதினார். விளையாடும் பெண்கள் பெண்மையை இழக்கிறார்கள் என்று எழுதிய ஆண்களுக்குக் கூர்மையான நகைச்சுவையுடன் பதில் கொடுத்தார். அன்று ஜீனுக்குப் பக்கத்தில் ஓடியவர், பின்னர் பேனாவுடன் எத்தனையோ பெண்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கனடாவின் தலைசிறந்த வீராங்கனை என்று தெரிவு செய்யப்பட்ட அவர் 1969இல் காலமானார். கனடாவில் ஆண்டுதோறும் சிறந்த வீராங்கனைக்கு வழங்கப்படும் விருது அவரது பெயரையே தாங்கி நிற்கிறது.

சகோதரிகளே, எது ஏலாமல் போனது என்பதை நாம் நன்கு அறிவோம். அதே களத்தில் இன்னும் எது ஏலும்? நாம் பக்கத்தில் போய் நிற்க வேண்டிய 'ஜீன்' எங்கள் ஊரில் யார்? இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.