உஷார்! போர்வெல்லுக்குள் இறங்கும் காந்தம்

கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர், சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களே, மானியத்தில் சோலார் பம்ப்செட் போடப் போகிறவர்களே, உஷார்! ஓசூர் சிப்காட்டில் மோட்டார் பாகங்கள் செய்யும் பட்டறைக்காரர்களே, இது உங்களுக்கும்தான்.

சோலார் பம்புகளில் பி.எல்.டி.சி., பி.எம்.எஸ்.எம். மோட்டார்கள் வேகமாக வருகின்றன. இவற்றின் ரோட்டாரில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. மின்சாரம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் இவற்றில் வைக்கும் சக்தி வாய்ந்த அரிய மண் காந்தத்துக்கு உலகம் பெரும்பாலும் சீனாவைத்தான் நம்பியிருக்கிறது. 2025 ஏப்ரல் 4 அன்று ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. சில மாதங்களுக்குள் நம் நாட்டு மின்வண்டித் தொழில் திண்டாடிப் போனது. அதே அடி பம்புக்கும் விழலாம்.

விழுந்தால் என்ன ஆகும்? பழைய சப்மெர்சிபிள் கருகினால் மேலே இழுத்து, காயில் கட்டும் கடையில் கொடுத்து, புதுக் காயில் சுற்றித் திரும்ப இறக்கிவிடுகிறோம். காந்த மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறி ரோட்டாரின் காந்தசக்தி இறங்கிவிட்டால், காயில் கட்டியும் பயனில்லை. ரோட்டாரையே மாற்ற வேண்டும். கன்ட்ரோலர் போனாலும் சிக்கல்தான், நேரே லைன் கொடுத்து ஓட்ட முடியாது. மாம்பிஞ்சு பிடிக்கும் மாசி, பங்குனியில் பாகம் வரும்வரை தோப்பு தாங்குமா?

வழி இல்லாமல் இல்லை. போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலை வைத்திருக்கும் ஓலா, 2025 அக்டோபரில் அரிய மண் இல்லாத ஃபெரைட் மோட்டாருக்குச் சான்று வாங்கிவிட்டது. ஆனால் அதை அப்படியே பம்புக்கு மாற்ற முடியாது. ஃபெரைட் வலுக் குறைந்த காந்தம். அதே சக்திக்கு மோட்டாரைப் பெரிதாக்க வேண்டும். ஆறரை அங்குல போர்வெல்லில் அகலத்துக்கு ஏது இடம்? நீளத்தைக் கூட்ட வேண்டும், அல்லது காந்தமே வேண்டாத ரிலக்டன்ஸ் மோட்டாருக்குப் போக வேண்டும். நம் ஊர் வோல்டேஜுக்கும் ஆழத்துக்கும் மணலுக்கும் இந்த மோட்டார்கள் தாங்குமா என்று சோதிக்கும் வேலையைக் கோவைப் பம்ப் கம்பெனிகளும் சிடார்க் போன்ற சோதனை மையங்களும் இப்போதே முடுக்க வேண்டும். காந்தத்தை உள்நாட்டிலேயே செய்ய 2025 நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. ஆலை எழும்பிக் காந்தம் கைக்கு வர வருடங்கள் ஆகும்.

அதுவரை, பம்ப் வாங்குமுன் கேளுங்கள்: ரோட்டார் எத்தனை நாளில் கிடைக்கும்? கன்ட்ரோலர் ரிப்பேருக்குக் கிருஷ்ணகிரியில் ஆள் உண்டா? பதிலை வாயால் வாங்காதீர்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.