கிருமி இறந்தாலும் அழியாத நச்சு

நுண்ணுயிரிகள் பாடத்தில் ‘நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் இறந்துவிடும்’ என்று கூறிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். குடிநீரைப் பொறுத்தவரை அது போதும். ‘அப்படியானால் ஊசி மருந்தைக் கலக்க எதற்குத் தனி நீர்? கொதித்து ஆறிய நீர் போதாதா?’ என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்?

பெர்லினில் 1892இல் ரிச்சர்டு ஃபைஃபர், வெப்பத்தால் கொல்லப்பட்ட காலரா பாக்டீரியாக்களைக் கினியா பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். இறந்த கிருமிகளும் நஞ்சாக வேலை செய்தன. அந்த நஞ்சு செல்லுக்குள் இருப்பதாகக் கருதி ‘எண்டோடாக்சின்’, அதாவது அகநச்சு என்றார். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் பொருள் இருப்பதோ வெளியே! கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் பதிந்துள்ள லிப்போபாலிசாக்கரைடுதான் அது.

இம்மூலக்கூறின் அடிப்பகுதி ‘லிப்பிடு ஏ’. இணைந்த இரண்டு குளுக்கோசமைன் சர்க்கரைகள், அவற்றில் பாஸ்பேட் தொகுதிகள், வேர்களைப்போலச் சவ்வுக்குள் இறங்கும் கொழுப்பு அமிலச் சங்கிலிகள். ஈ. கோலையில் பொதுவாக ஆறு சங்கிலிகள் உண்டு. அதற்கு மேல் மையச் சர்க்கரைப் பகுதி. ஆறு கார்பன் குளுக்கோஸை மட்டுமே அறிந்த மாணவர்களுக்கு, இங்கு ஏழு கார்பன், எட்டு கார்பன் சர்க்கரைகளும் இருப்பது வியப்பூட்டும். வெளிமுனையில், சில சர்க்கரைகள் கொண்ட ஓர் அலகு மீண்டும் மீண்டும் தொடரும் ‘ஓ’ சங்கிலி.

நச்சுத்தன்மை முழுவதும் லிப்பிடு ஏ பகுதியில்தான். நம் வெள்ளணுக்கள் அதை உணர்ந்ததும் காய்ச்சலைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. இரத்தத்தில் அளவு மிகுந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இது புரதம் அன்று. எனவே 100 டிகிரி செல்சியஸில் சிதையாது. மருந்துக் குப்பிகளிலிருந்து இதை நீக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைக்கிறார்கள். ஊசிக்கான நீர் தனியாகத் தயாரிக்கப்படுவதன் காரணம் இதுவே. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிலும் இப்பொருள் உண்டு, கொதித்த நீரைக் குடிக்க அஞ்ச வேண்டியதில்லை.

‘ஓ’ சங்கிலி வகைக்கு வகை மாறும். ஈ. கோலை ஓ157 என்ற பெயரே அதிலிருந்து வந்தது. டைபாய்டுக்கான வைடால் சோதனை அறிக்கையில் ‘டி.ஓ.’ என்ற வரியைப் பலரும் பார்த்திருப்போம்; இச்சங்கிலிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளின் அளவு அது. வேறு சில சால்மோனெல்லா வகைகளிலும் இதே சர்க்கரை அமைப்பின் பகுதிகள் இருப்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து டைபாய்டு என்று உறுதி செய்ய முடியாது.