களிமண் லெட்ஜரில் உப்புக் கணக்கு

35 வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் நான். எழுத்து பிறந்ததே கணக்கு எழுதத்தான் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. இன்றைய இராக்கின் தெற்கே, சுமேரியரின் உருக் நகரில், 5,000 வருஷத்துக்கும் முன்னால், வந்த பார்லி எவ்வளவு, ஆளுக்கு அளந்த படி எவ்வளவு என்று ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் கீறி வைத்தார்கள்.

பின்னால் வந்த பலகைகளில் நிலத்தின் நோயும் பதிவாகிவிட்டது. யூப்ரடீஸ் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினார்கள்; வடிகால் போதவில்லை. நீர்மட்டம் ஏறி உப்பு பூத்தது. கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சரிபாதி, கி.மு. 1700 வாக்கில் தெற்கே கோதுமையே இல்லை, உப்பு தாங்கும் பார்லிதான் என்று 1958-ல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். உப்பு மட்டுமா காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு.

எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்களுடைய தரிசுப் பழக்கம். ஒரு வருஷம் விதைத்தால் மறு வருஷம் சும்மா போடுவார்கள். நாம் களை என்று திட்டுகிற மாதிரியான முட்செடிகள் ஆழமாக வேர்விட்டு அடி ஈரத்தை உறிஞ்சும், நீர்மட்டம் இறங்கும். அவசரப்பட்டுத் தரிசை விட்டால் உப்பு மேலே வந்துவிடும்.

என் போர்வெல் வயலிலும் ஓரமாக வெள்ளை பூத்திருக்கிறது. இந்தப் பட்டம் அந்தக் கால் ஏக்கரில் நெல் இல்லை, தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன்.