கவனிப்பாரற்ற காணிகளும் அயற் கமக்காரரும்

கமத்தொழிலில் ஒருவரது முயற்சியின் பயன் அவருடைய வேலியோடு முடிவதில்லை. காலத்துக்குக் களை பிடுங்கி, வரம்பு வெட்டி, வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரின் பயிர், அடுத்த காணி பற்றைக்காடாகக் கிடப்பதனாற் பாழாவதுண்டு. அவ்வேளையில் யாரிடம் முறையிடுவது என்று அறியாது சிலர் வாளாவிருந்துவிடுகின்றனர். வேறு சிலர் தாமே காணிக்குட் புகுந்து வெட்டியும் எரித்தும் வழக்குகளுக்கு ஆளாகின்றனர். இவ்விரண்டும் நன்மை தருவனவல்ல. கைவிடப்பட்ட காணிகளை உள்ளூராட்சிச் சபைகள் எவ்வாறு இனங்காண்கின்றன, எத்தகைய நடவடிக்கை எடுக்கின்றன, அதிற் கமக்காரர் செய்யவேண்டியது யாது என்பனவற்றை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கைவிடப்பட்ட காணி எது?

மழை பொய்த்தமையால் ஒரு போகம் விதைக்காது விடப்பட்ட வயல் கைவிடப்பட்ட காணியாகாது. உரியவர் வேற்றூரிலிருந்து ஆள் வைத்துப் பார்த்துவரும் காணியும் அவ்வாறே. பல ஆண்டுகளாகப் பயிரில்லாமலும், வேலி விழுந்தும், கிணறு தூர்ந்தும், வரி நிலுவையாகியும், அனுப்பிய கடிதத்துக்கு மறுமொழியின்றியும் கிடக்கும் காணியையே அவ்வாறு கருதலாம்.

காணிகள் இந்நிலையை அடைவதற்குக் காரணங்கள் பல. உரியவர் இறந்தபின் பிள்ளைகள் பலருக்குப் பிரிபடாத பங்காக இறங்கிய காணியை எவரும் பொறுப்பேற்காது விடுவதுண்டு. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோரும் பிறநாடு சென்றோரும் விட்டுச்சென்ற காணிகள் மிகப் பல. குத்தகைக் கமக்காரரின் உரிமையைச் சட்டம் காப்பதனால், வயலைப் பிறருக்குக் கொடுக்க அஞ்சி வெறுமையாக வைத்திருப்போரும் உளர்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். ஆளில்லாத காணி வேறு. உரிமையாளர் இல்லாத காணி வேறு. கைவிடப்பட்டுக் கிடக்கும் காணிகளிற் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் எங்கேனும் இருக்கின்றனர். சபையின் நடவடிக்கையும் கமக்காரரின் நடத்தையும் இவ்வுண்மைக்கு அமைந்தனவாக இருத்தல் வேண்டும்.

அயற் பயிருக்கு நேரும் தீங்கு

பற்றை மண்டிய காணி எலிகளுக்கு இருப்பிடமாகும். பகலில் அங்கே வளைகளிற் பதுங்கும் எலிகள் இரவில் நெல்வயலிற் புகுந்து பயிரை வெட்டுகின்றன. நெற்கதிர் பாற்பருவத்தில் இல்லாத காலத்தில் மூட்டுப்பூச்சி, விதைக்காத வயல்களிலும் வரம்புகளிலும் உள்ள புற்களிற் தங்கி, கதிர் பால் பிடிக்கும்போது வயலுக்கு வருகின்றது. மரக்கறித் தோட்டங்களுக்கு வெண் ஈயினாலும் ஆபிரிக்க இராட்சத நத்தையினாலும் வரும் கேடும் இத்தகையதே. நத்தைகள் வெயில் வேளையிற் பற்றைக்குள் ஒளிந்திருந்து, மழை பெய்த இரவிலே தோட்டத்துக்கு ஊர்ந்து வந்து நாற்றுக்களைத் தின்றுவிடும்.

எல்லாவற்றினும் கொடியது பாத்தீனியம் என்னும் களையாகும். ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் தரவல்லது. அவ்விதைகள் காற்றினாலும் ஓடும் நீரினாலும் வாகனங்களினாலும் பரவும். தீண்டுவோர் சிலருக்குத் தோலரிப்பும் மூச்சிழைப்பும் உண்டாகும். இதனை அழிக்கவேண்டிய களையாக 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் பிரகடனப்படுத்தியுள்ளது. எனவே, தம் காணியில் இது வளர்வதைக் கண்டும் வாளாவிருப்பது சட்டத்துக்கும் மாறாகும்.

சபைகள் இனங்காணும் முறை

மாநகரசபை, நகரசபை, பிரதேச சபை ஆகியவையே நமது உள்ளூராட்சிச் சபைகளாகும். கிராமங்களிற் பெரும்பாலானவை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட பிரதேச சபைகளின் எல்லைக்குள் அடங்கும். கைவிடப்பட்ட காணியை ஒரு சபை பெரும்பாலும் மூன்று வழிகளால் அறிகின்றது.

முதலாவது, ஆதனவரிப் பதிவேடு. சோலைவரி எனவும் வழங்கும் இவ்வரி விதிக்கப்பட்ட பகுதியில் ஓர் ஆதனத்தின் வரி ஆண்டுதோறும் நிலுவையாகுமாயின் சபையின் வருமானப் பகுதி அதனைக் கவனிக்கும். இரண்டாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வீடுவீடான பரிசோதனை. நுளம்பு பெருகும் இடங்கள் இதனால் வெளிப்படுகின்றன. மூன்றாவது, அயலவரின் முறைப்பாடு. ஆதனவரி விதிக்கப்படாத கமப் பகுதிகளில் இம்மூன்றாவது வழியே முக்கியமானது. அயலவர் அறிவியாவிடில் அத்தகைய காணி சபையின் கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம்.

காணி இனங்காணப்பட்டபின் உரியவர் யாரெனத் தேடவேண்டும். கிராம அலுவலரும் அயலவரும் அறிந்தவற்றைக் கூறுவர். காணிப் பதிவகத்தில் உறுதிகளின் பதிவைத் தேடிப் பார்க்கலாம். வரிப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் இருப்பது மட்டும் அவரை உரிமையாளராக்காது என்பதையும் மறத்தலாகாது.

சபை எடுக்கும் நடவடிக்கைகள்

1. அறிவித்தல்: குறிப்பிட்ட நாளுக்குள் காணியைத் துப்புரவு செய்யுமாறு உரியவருக்கு எழுத்தில் அறிவிக்கப்படும். உரியவரைக் காணாவிடில் காணியின் முகப்பில் அறிவித்தல் ஒட்டுவது வழக்கம்.

2. துப்புரவு: சட்டம் இடமளிக்கும் விடயங்களில், அறிவித்தலுக்கு இணங்காதவிடத்துச் சபை தானே வேலையைச் செய்வித்து, செலவை உரியவரிடம் அறவிடலாம். இடிந்துவிழும் நிலையிலுள்ள கட்டடம், வீதிக்கு ஆபத்தான மரம், மூடாத கிணறு முதலியன இவ்வகையிற் கவனிக்கப்படும்.

3. வழக்கு: நுளம்பு பெருகும் நிலையில் வளவை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். உரியவருக்கு எதிராக நீதவான் நீதிமன்றில் வழக்குத் தொடரலாம்.

4. வரி அறவீடு: நிலுவையான வரிக்குப் பிடியாணைச் செலவும் சேரும். இறுதிப் படியாக ஆதனத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஆயினும், காணி பற்றையாகக் கிடக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காகச் சபை அதனைத் தனக்கு உரிமையாக்கிக்கொள்ள இயலாது. பொதுத் தேவைக்கு ஒரு காணி வேண்டுமாயின், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி விசாரணை நடத்தி நட்டஈடு கொடுத்தே எடுத்தல் வேண்டும்.

வயற் காணியாயின்

நெற்காணிகளைப் பொறுத்தவரையில் முதலிற் செல்லவேண்டிய இடம் கமநல சேவை நிலையமாகும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயல்களைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு அளித்திருந்தது. இப்போது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமே நடைமுறையிலுள்ளது. வயல்களின் விபரம் கமக்காணிப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். விதைக்காது விடப்படும் வயல்கள் குறித்து விசாரித்து அவற்றைப் பயிரிடச் செய்யும் பொறுப்பு கமநல அதிகாரிகளுக்கு உண்டு. எழுத்தில் அனுமதி பெறாது வயலை மண்ணிட்டு நிரப்புதல் அச்சட்டப்படி குற்றமாகும். பலருக்குப் பொதுவான வாய்க்கால் தூர்ந்து நீர் தடைப்படுமாயின் அதனையும் இந்நிலையத்திலேயே முறையிடல் வேண்டும்.

அரசாங்கத்தின் உத்தரவுப்பத்திரம் பெற்ற காணி கைவிடப்பட்டிருப்பின் அது பிரதேச செயலாளரின் பொறுப்பாகும்.

முறையிடும் விதம்

முதலில், உரியவரையோ அவரின் உறவினரையோ அறிந்தால் அவருக்கே எழுதுதல் நன்று. பல காணிகள் ஒரு கடிதத்தினாலேயே துப்புரவாகியுள்ளன. பயன் கிடையாதவிடத்துச் சபைக்கு எழுத்தில் முறையிடுக. அதிற் பின்வருவன அடங்குதல் வேண்டும்:

(அ) காணியின் பெயர், வீதி அல்லது ஒழுங்கை, கிராம அலுவலர் பிரிவு.
(ஆ) நாற்புற எல்லைகளும் ஏறக்குறைய பரப்பும்.
(இ) உரியவரின் பெயரும் இருப்பிடமும் தெரிந்த அளவில்.
(ஈ) நேரும் தீங்கு யாது, எப்போது தொடங்கியது என்பன.
(உ) முறையிடுவோரின் பெயர், முகவரி, ஒப்பம்.

அயற் கமக்காரர் பலர் சேர்ந்து, கமக்காரர் அமைப்பின் மூலம் முறையிட்டால் விரைவிற் கவனிக்கப்படும். பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல் அவசியம். பூச்சி, களை சம்பந்தமான தீங்காயின் விவசாயப் போதனாசிரியருக்கும் அறிவித்தல் வேண்டும்.

செய்யத்தகாதவை

உரியவரின் சம்மதமின்றிக் காணிக்குட் சென்று மரம் வெட்டுதல், வேலியைத் தள்ளி அடைத்தல், தீயிடுதல் ஆகியன கூடா. கோடையில் இட்ட தீ பனைகளையும் அயல் வேலிகளையும் எரித்துவிடும். போர் நடந்த இடங்களில் நெடுங்காலம் ஆள் நடமாட்டமற்றுக் கிடந்த காணியில் ஐயத்துக்கிடமான பொருள் எதனையும் கண்டாற் தொடாது, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க.

பிறர் காணியைப் பயிரிட விரும்புவோர், உரியவரின் சம்மதத்தை எழுத்திற் பெறுதல் வேண்டும். பரப்பு, காலம், குத்தகை, கிணற்று நீர் என்பன அதிற் தெளிவாக இருக்கட்டும். வயலாயின் கமநல சேவை நிலையத்திற் பதிதல் இருதரத்தாருக்கும் பாதுகாப்பாகும்.

தூரத்திலுள்ள உரிமையாளருக்கு

இலங்கைச் சட்டப்படி, ஒருவர் தனியாரின் காணியொன்றை உரியவருக்கு எதிராகத் தமதாகக் கருதி, பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவரின் அதற்கு ஆட்சியுரிமை கோரலாம். போரினால் தம் காணிக்குச் செல்ல இயலாதிருந்தோரின் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிற் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அச்சட்டத்தின் பயனைப் பெற வழக்குத் தொடர்வதற்கு இரண்டாண்டுத் தவணையே விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே காணியைக் காப்பதற்கு உரியவரின் விழிப்பே சிறந்த அரணாகும்.

வெளிநாட்டிலுள்ளோர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் வழங்கி, எல்லைகளை அடைப்பித்து, ஆண்டுக்கு இருமுறையேனும் பற்றை வெட்டுவித்தல் வேண்டும். ஆண்டு முழுவதற்குமான ஆதனவரியைச் சனவரி 31ஆந் திகதிக்கு முன் செலுத்துவோருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு கிடைக்கும். பற்றுச்சீட்டுக்களைச் சேமித்து வைத்தால், அவை பிற்காலத்திற் சான்றாக உதவும். பங்குக் காணியாயின் பங்காளிகள் இணங்கி நொத்தாரிசு மூலம் பிரித்துக்கொள்ளலாம். இணக்கம் ஏற்படாவிடில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டப்படி மாவட்ட நீதிமன்றை நாடலாம்.

காலபோகம் தொடங்குமுன் அயற் காணிகளை ஒருமுறை சுற்றிப்பார்த்து, தீங்கு விளைக்கக்கூடியவற்றைக் குறித்துக்கொள்க. மழைக்குமுன் கொடுக்கும் முறைப்பாட்டினால், பற்றை தழைத்து விதை சிந்துமுன் காணி துப்புரவாக வழியுண்டு. பூத்துக் காய்த்தபின் வெட்டுதல் அடுத்த போகத்துக்கான களையை நாமே விதைப்பதாகும்.