கடலுக்கு அப்பால் ஒரு கிளி

அடையாற்றின் முகத்துவாரத்தை அடுத்த ஊரூர் ஒல்காட் குப்பத்தில், அஸர் தொழுகைக்குப் பின் சற்று நின்று பாருங்கள். பிரம்மஞான சபைத் தோட்டத்து மரங்களை நோக்கிப் பச்சைக்கிளிகள் கீச்சிட்டுப் பறக்கும். இங்கிருந்து நேர் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் வடக்கு அந்தமான் உள்ளது. அக்கிளிகளின் உறவினமான நீள்வால் கிளி அங்கே வாழ்கிறது.

நம் ஊர் ஆண்கிளிக்குக் கழுத்தில் ஆரம் உண்டு, இதற்கு இல்லை. மாறாக, கன்னங்கள் சிவந்திருக்கும். ஆணின் மேலலகு சிவப்பு, பெண்ணினுடையது பழுப்பு. காட்டுக் கனிகளும் தாழம்பழமும் இதன் உணவு. பப்பாளித் தோட்டங்களையும் விட்டு வைப்பதில்லை! மரத்தைக் குடைந்து வீடு கட்ட இதற்கு இயலாது. முதிர்ந்த மரங்களில் தானாய் அமைந்த பொந்துகளிலேயே இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். ஆகவே, முதிர்ந்த மரம் ஒன்று வீழ்ந்தால் ஒரு குடும்பத்தின் வீடே போயிற்று.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் மாலையில் சாலையோர மரங்களில் இக்கிளிகள் கூட்டமாய் அடைவதைக் கண்டிருக்கலாம். ஆயினும் மலாயா, சுமத்ரா, போர்னியோ பகுதிகளில் தாழ்நிலக் காடுகள் அழிக்கப்பட்டு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாயின. கூண்டு வணிகமும் சேர்ந்துகொண்டது. எனவே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது. அந்தமானில் இன்னும் பரவலாய்க் காணப்படுவது ஆறுதல்.

தெற்கே பெரிய நிக்கோபாரில் நிலைமை வேறு. அங்கும் அருகிலுள்ள சில தீவுகளிலும் மட்டுமே வாழும் நிக்கோபார் கிளி சாம்பல் நிறத் தலையுடையது. வாலோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டடி நீளம். நிக்கோபார் மக்கள் சமைத்துண்ணும் தாழம்பழமே இதற்கும் பிரியம். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைத் தாக்கிய அதே பேரலை நாளில், இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கடலோரக் காடுகள் மூழ்கின. துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியவற்றுக்காக அத்தீவின் காட்டில் சுமார் 130 சதுர கிலோமீட்டரை ஒதுக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது.

நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் கூண்டுக்கிளி உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப்பறவையிடம் அவற்றைத் திருப்பித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்த செய்தியை என் மாணவர்களுக்குச் சொன்னேன். மறுநாள் ஒரு சிறுவன் கேட்டான்: "ஹஜ்ரத், எங்கள் வீட்டுக் கிளியின் தாய் எங்கே இருக்கும்?"