உங்களுக்குத் தெரியுமா? மேடை லைட்டுக்குள் இவ்வளவு சங்கதியா!

கச்சேரி மேடையில் சுழன்று சுழன்று வானத்தைக் குத்துமே ‘ஷார்ப்பி’ லைட், அதன் பல்பு எத்தனை வாட் சொல்லுங்கள் பார்ப்போம்! ஆயிரமா? ஐநூறா? கிடையாது. இத்தாலியின் க்ளே பேக்கி கம்பெனி 2010-ல் இறக்கிய ஒரிஜினல் ஷார்ப்பியில் இருந்தது வெறும் 189 வாட் பல்பு!

அந்த 189 வாட், 20 மீட்டர் தள்ளிப் போய் விழும் இடத்தில் வெளிச்சம் ஏறக்குறைய 60,000 லக்ஸ். ஆபீஸ் மேஜைக்கு 500 லக்ஸ் இருந்தாலே தாராளம். அதாவது 120 மடங்கு!

லைட்டின் எடை 16 கிலோ. 6 மீட்டர் உயரத்தில் கட்டிய கிளாம்ப் கழன்றால் தரையைத் தொட 1.1 விநாடிதான். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர்! “ஐயோ” என்று கத்தக்கூட நேரம் இருக்காது.

அதனால்தான் ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் போக, தனியாக ஒரு எஃகு ஒயர் உண்டு. சேஃப்டி ஒயர். கிளாம்ப் கைவிட்டால் இது பிடித்துக்கொள்ளும். இதிலும் ஒரு சூட்சுமம்! ஒயர் தொளதொளவென்று தொங்கினால் பிரயோஜனமே இல்லை. லைட் கொஞ்ச தூரம் விழுந்து சட்டென்று இழுக்கும்போது, அந்த வெட்டு இழுப்பு எடையைப்போலப் பல மடங்காகிவிடும். ஜெர்மனியில் விதியே போட்டிருக்கிறார்கள்: லைட் விழக்கூடிய தூரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சாணுக்கும் குறைவு!

லைட் மட்டும்தான் விழுமா? ஏணியில் ஏறி வேலை பார்ப்பவரின் ஸ்பேனரும் விழும். நல்ல டெக்னீஷியன் ஸ்பேனரைக் கயிற்றில் கோத்து இடுப்போடு கட்டிக்கொண்டுதான் மேலே ஏறுவார். அவருடைய பாக்கெட்டில் சில்லறைகூட இருக்காது!

1990 ஆகஸ்ட் 13. நியூயார்க், புரூக்ளின். திறந்தவெளி மேடையில் பாட வந்தார் கர்டிஸ் மேஃபீல்டு. பலத்த காற்றில் லைட் கட்டிய கோபுரம் அவர் மேலேயே சாய்ந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை. அப்படியும் விட்டாரா? படுத்தபடியே ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவுசெய்து, 1996-ல் முழு ஆல்பமே வெளியிட்டார்!

மேடை லைட்டுகளைத் தொங்கவிடும் குழாய் ஏன் ஊருக்கு ஊர் ஏறத்தாழ ஒரே பருமனாக இருக்கிறது? கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் இரும்புக் குழாயின் அளவு அது. 48 மில்லிமீட்டர் சொச்சம்!

பழைய ‘பார் கேன்’ ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு டப்பா, உள்ளே 1,000 வாட் பல்பு. ஒரு இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் போட்டுத் தலைக்கு மேல் தொங்கவிட்ட கதைதான். தின்னும் கரண்டில் பத்தில் ஒரு பங்குதான் வெளிச்சமாக வரும். மிச்சமெல்லாம் சூடு!

கணக்குப் போடுங்கள். 230 வோல்ட்டில் ஒரு பார் கேன் இழுப்பது 4.3 ஆம்பியர். 40 பார் கேன் கட்டினால் 170 ஆம்பியருக்கு மேல்! கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்கள் அந்தக் காலத்தில் ஏன் அப்படி முக்கின என்று இப்போது புரிகிறதா?

பார் 64 என்ற பெயரில் அந்த 64 எங்கிருந்து வந்தது? பல்பின் விட்டம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கணக்கில். 64-ஐ 8-ஆல் வகுத்தால் 8 அங்குலம். அவ்வளவுதான் ரகசியம்!

ஹாலோஜன் பல்பை வெறும் விரலால் தொடவே கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை போதும். சூட்டில் அந்த இடம் மட்டும் கொப்பளித்துப் பல்பு வெடிக்கும். கண்ணாடியின் சூடு குறைந்தது 250 டிகிரி இருந்தால்தான் அந்தப் பல்பு ஒழுங்காகவே வேலை செய்யும்!

டிஸ்சார்ஜ் பல்பு இன்னும் முரட்டு ஆசாமி. பற்றவைக்கவே பல ஆயிரம் வோல்ட் வேண்டும். எரியும்போது உள்ளே அழுத்தம் எகிறும். அணைத்த கையோடு திறந்தால் முகத்தில் சிதறும் ஆபத்து. ஆறுகிறவரை காத்திருந்து, முகக் கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே பாதரசம் வேறு!

நிகழ்ச்சி நடுவில் கரண்ட் போய் உடனே வந்துவிட்டது. பாட்டு திரும்ப ஆரம்பித்துவிட்டது. டிஸ்சார்ஜ் பல்பு போட்ட லைட் மட்டும் எரியவில்லை. ரிப்பேர் இல்லை! பல்பு ஆறினால்தான் மறுபடி பற்றும். அதுவரை லைட்காரரைத் திட்டாதீர்கள், பாவம்.

மேடை லைட்டுக்கு மழை எதிரி. அது எல்லோருக்கும் தெரியும். வெயிலும் எதிரி என்பது தெரியுமா? பகலில் மேடை கட்டும்போது லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி நின்றால், அதே லென்ஸ் வெயிலை உள்ளே குவித்துக் கலர் தகட்டையும் மோட்டார் ஒயரையும் பொசுக்கிவிடும். சில நிமிடம் போதும். சுவிட்ச் போடாத லைட் தானே வெந்துபோகும்!

லைட் மேலே ‘ஐபி 20’ என்று எழுதியிருந்தால் அது கூரைக்குள் மட்டும். அந்தக் கடைசி சைபருக்கு அர்த்தம், தண்ணீருக்குப் பாதுகாப்பு சைபர்!

லைட்டின் முதுகிலோ மேனுவலிலோ மீட்டர் கணக்கில் ஒரு தூரம் போட்டிருக்கும். வெளிச்சம் விழும் பொருள் அதற்கும் கிட்டே இருக்கக் கூடாது என்று பொருள். வலுவான பீம் லைட்டுகளில் அது 10 மீட்டரையே தாண்டும். அதற்குள் ஒரு திரைச்சீலை தொங்கினால்? புகைதான்!

‘காங்கோ ப்ளூ’ என்று ஒரு கலர் தாள் இருக்கிறது. ராத்திரிக் காட்சிக்கு அள்ளிக்கொண்டு போகும் அழகு. அதன் வழியே எவ்வளவு வெளிச்சம் வெளியே வரும்? நூற்றில் இரண்டு பங்குகூட வராது! பாக்கியை அந்தத் தாளே விழுங்கிவிடும். விழுங்கி விழுங்கி நடுவில் ஓட்டை விழும். எனக்கு மிகப் பிடித்த தாள் இதுதான். காசைக் கரைப்பதில் முதல் தாளும் இதுதான்.

மேடையில் பளபளவென்று தெரியும் அந்தக் கதிர்க் கோடுகள் உண்மையில் கண்ணுக்குத் தெரியாதவை! காற்றில் புகையோ தூசியோ மிதந்தால்தான் தெரியும். அதற்காகவே புகை போடும் மெஷின். சுத்தமான காற்றில் ஒரு லட்ச ரூபாய் லைட்டும் சுவரில் ஒரு வட்டம், அவ்வளவுதான். அதே புகை மண்டபத்தின் தீ அலாரத்தையும் அலற வைக்கும்!

கேபிள் சுற்றிய டிரம்மை அப்படியே வைத்து லோடு போடுகிறவர்கள் ஏராளம். சுற்றியபடி இருந்தால் சூடு வெளியேற வழியில்லை. சில டிரம்களின் லேபிளைப் படித்துப் பாருங்கள். முழுக்க விரித்தால் 3,000 வாட், சுற்றியபடி என்றால் 1,000 வாட். அதே ஒயர், மூன்றில் ஒரு பங்கு!

ஆளைக் காப்பாற்றும் ஷாக் பிரேக்கர் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆகிவிடும். ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்டில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆள் சாக அந்த அளவை ஒட்டிய கரண்டே போதும் என்பதுதான் பயங்கரம்!

லைட்டுகளை ஆட்டிவைக்கும் கன்சோலுக்கும் லைட்டுக்கும் நடுவே ஓடும் பாஷை டி.எம்.எக்ஸ். 512. அமெரிக்காவில் 1986-ல் உருவானது. ஒரே ஒயரில் 512 சேனல், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை 256 படி. எல்லா சேனலையும் விநாடிக்கு 44 தடவை வரை புதுப்பிக்கும்! கடைசி லைட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருக வேண்டும். செருகாவிட்டால் சிக்னல் திரும்பி எதிரொலித்து லைட்டுகள் பேய் பிடித்த மாதிரி ஆடலாம். அந்த ரெசிஸ்டர் ஓரிரு ரூபாய் சமாசாரம்!

இவ்வளவு கெட்டிக்கார பாஷைக்குத் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது. சிக்னல் சிதைந்து வந்தாலும் லைட் அதையே நம்பும். அதனால் மேடைப் பட்டாசையும் ஆள் தலைமேல் ஏறி இறங்கும் இயந்திரத்தையும் இதை நம்பி இயக்கக் கூடாது என்பது விதி!

தானே தலையைத் திருப்பும் லைட் எப்படிப் பிறந்தது? டல்லாஸ் நகரத்து இன்ஜினீயர்கள் கலர் மாற்றும் லைட் ஒன்றைத்தான் முதலில் யோசித்தார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கு ஐடியா: இன்னும் 2 மோட்டார் சேர்த்தால் லைட்டே திரும்பிவிடுமே! பணம் போட்டது ஜெனிசிஸ் இசைக்குழு. 1981-ல் அந்த லைட்டின் முதல் மேடை, பார்சிலோனாவின் காளைச் சண்டை மைதானம்!

அபா குழுவின் ‘சூப்பர் ட்ரூப்பர்’ பாட்டு கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பெயர், பாடகரைத் துரத்தித் துரத்திப் பிடிக்கும் ஒரு அமெரிக்க ஸ்பாட் லைட்டின் பிராண்ட் பெயர்!

கரண்டுக்கு முன்னால் என்ன செய்தார்கள்? சுண்ணாம்பு! சுண்ணாம்புக் கட்டியை ஹைட்ரஜன், ஆக்சிஜன் தீயில் காட்டினால் 2,000 டிகிரிக்கு மேல் சூடேறி வெள்ளை வெளேரென்று ஒளிரும். அயர்லாந்தில் நிலம் அளக்க இதைக் கொளுத்தியபோது 100 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து தெரிந்தது. 1837-ல் லண்டன் கோவென்ட் கார்டன் தியேட்டருக்குள் வந்துவிட்டது!

பாரிஸ் ஓபராவின் கேஸ் விளக்குகளுக்கு ஓடிய குழாயின் நீளம் 45 கிலோமீட்டர். 88 திருகு, 960 சுடர். அத்தனையும் ஒரே மேஜையிலிருந்து!

அந்தச் சுடர்கள் பழிவாங்கவும் செய்தன. 1862 நவம்பர் 15. பாரிஸ் ஓபராவில் ஒத்திகை. எம்மா லிவ்ரி என்ற இளம் பாலே நடனக்காரியின் வலைப் பாவாடை கேஸ் சுடரில் பட்டது. தீப்பிடிக்காத மருந்து தோய்த்த பாவாடை அப்போதே இருந்தது. விறைப்பாக, மங்கலாக இருக்கிறது என்று அவர் மறுத்திருந்தார். எட்டு மாதம் போராடி இறந்தார். வயது 20. கருகிய அந்த உடையின் மிச்சம் இன்றும் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1881 டிசம்பர் 8. வியன்னாவின் ரிங் தியேட்டர் கேஸ் தீயில் எரிந்தது. அரசுக் கணக்கில் 384 பேர் பலி. சரியாக 20 நாள் கழித்து லண்டன் சவாய் தியேட்டரில் அதிபர் டாய்லி கார்ட் மேடையேறினார். கையில் எரிகிற மின்பல்பு. சட்டென்று பற்றிக்கொள்ளும் மஸ்லின் துணியை அதன்மேல் சுற்றினார். சுத்தியலால் ஓங்கி ஒரே போடு! பல்பு நொறுங்கியது. துணியில் கருகல்கூட இல்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஏறக்குறைய 1,200 மின்விளக்குகளோடு, கட்டடம் முழுக்க மின்சாரத்தில் ஒளிர்ந்த உலகின் முதல் பொது அரங்கம் அதுதான்!

ஆனால் மின்சாரமும் சாதுவில்லை. 1903 டிசம்பர் 30, சிகாகோ. ‘தீயே அண்டாது’ என்று விளம்பரம் செய்த இரோகுவா தியேட்டர் திறந்து ஐந்தே வாரம். ஆர்க் லைட் ஒன்றின் பொறி திரையில் தெறித்தது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கதவுகள் திறக்கவில்லை. 602 பேர்!

அன்று அந்த நாடகத்துக்குப் போக இருந்து, வேலை வந்து போக முடியாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர். சும்மா இருக்க முடியவில்லை அவரால். உடம்பு மோதினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பி வைத்த கதவு அவர் யோசனையில் பிறந்தது. 1908-ல் விற்பனைக்கு வந்தது. இன்று மல்டிபிளெக்ஸ் அவசர வழியில் நீங்கள் தள்ளுவது அதன் வாரிசைத்தான்!

லாஸ் வேகாஸ் லக்ஸர் ஓட்டல் உச்சியில் 39 விளக்கு, ஒவ்வொன்றும் 7,000 வாட். எரியும்போது அந்த அறைக்குள் சூடு ஏறத்தாழ 150 டிகிரி. பராமரிப்பு பகலில் மட்டும்! வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு வௌவால் வரும், வௌவாலுக்கு ஆந்தை வரும். ஒரு விளக்கைச் சுற்றி ஒரு காடே!

நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக 88 விளக்குகளை வானத்தை நோக்கி எரிப்பார்கள். ஏழு இரவுகளில் அது திசை திருப்பிய பறவைகள் 11 லட்சம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். இப்போது ஒளிக்குள் 1,000 பறவைக்கு மேல் சிக்கினால் 20 நிமிடம் அத்தனையையும் அணைத்துவிடுகிறார்கள்!

வேகமாக மின்னும் ஸ்ட்ரோப் லைட் சிலருக்கு வலிப்பையே வரவழைக்கும். பிரிட்டனில் விநாடிக்கு 4 மின்னலுக்கு மேல் வேண்டாம் என்கிறது வழிகாட்டுதல். நம்மூர் டி.ஜே. மேடையில் எத்தனை என்று எண்ண முடிந்தால் எண்ணிப் பாருங்கள்!

வீட்டு விசேஷத்துக்கு லைட் செட் பேசப்போகிறீர்களா? ரேட் பேசுவதற்கு முன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள். சேஃப்டி ஒயர் உண்டா? எர்த் உண்டா? ஷாக் பிரேக்கர் உண்டா? மூன்றுக்கும் ‘உண்டு’ என்றால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்!