கியூ.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி போதாமல் போன பிள்ளைகளின் வீடுகளில் அடிபடும் பெயர் கியூ.எஸ். பல்கலைக்கழகத் தமிழில் கணிய அளவையியல். டுபாயிலும் கட்டாரிலும் நல்ல சம்பளம் என்பதற்கு மேல் பெற்றோர் பலருக்கு அதைப் பற்றித் தெரியாது. பொறியியல் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் படிப்பாக இதை நினைப்பது தவறு. கட்டட வேலையில் காசு எங்கே போகிறது, யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதைச் சொல்லும் பொறுப்பு இந்தத் தொழிலுடையது.

அத்திவாரக் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 10 மீற்றர், அகலம் 0.6, ஆழம் 1 மீற்றர். கன அளவு 6 கன மீற்றர். வெட்டிய மண்ணை வெளியே குவித்தால் அது உப்பி ஏழு, ஏழரை கன மீற்றராகிவிடும். லொறியில் ஏற்றுகிறவர் ஏழரைக்குக் கூலி கேட்பார். ஆனால் அளவீட்டு விதிப்படி பட்டியலில் ஏறுவது 6 மட்டுமே. உப்பும் மண்ணுக்கான செலவை ஒப்பந்தக்காரர் தன் விலைவீதத்துக்குள் சேர்த்திருக்கவேண்டும். கொங்கிறீற்றை அளக்கும்போதும் உள்ளே கிடக்கும் கம்பியின் கன அளவைக் கழிப்பதில்லை. இலங்கையில் கட்டட வேலைகளுக்கு இப்படியான விதிகளை எஸ்.எல்.எஸ். 573 என்ற தரநிலை வகுத்திருக்கிறது. வளைகுடாவுக்குப் போனால் 'பொமி' எனும் சர்வதேச அளவீட்டு விதிகளைப் பல இடங்களில் காணலாம். ஒரே வரைபடத்தைப் பார்த்து நாலு ஒப்பந்தக்காரர் விலை போடும்போது நால்வரும் ஒரே பொருளுக்குத்தான் விலை போடுகிறார்கள் என்ற உறுதி இந்த விதிகளால்தான் கிடைக்கிறது. அந்த விலைகள் ஏறும் பட்டியலைத்தான் சைற்றில் பி.ஓ.கியூ. என்பார்கள்.

அளப்பது தொழிலின் முதற்படி. அந்த அளவீட்டை இன்று மென்பொருள் பெருமளவு செய்துவிடும். என் பார்வையில், ஒருவரை நல்ல கியூ.எஸ். ஆக்குவது ஒப்பந்தத்தை வாசிக்கும் திறன். பெரிய வேலைகளில் வழங்கும் மாதிரி ஒப்பந்தமான 'பிடிக்' சிவப்புப் புத்தகத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு நிபந்தனை உண்டு: வரைபடம் தாமதமாக வந்தது போன்ற காரணத்துக்காக மேலதிகக் காலமோ பணமோ கோருகிற ஒப்பந்தக்காரர், விடயம் தெரிந்த 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் கோரும் உரிமையே போய்விடும். அந்தக் கடிதத்தை எழுத நினைவு வைத்திருப்பவரும், அதற்குரிய நாட்குறிப்பையும் படங்களையும் சேர்த்து வைப்பவரும் கியூ.எஸ். தான்.

2022 பொருளாதார நெருக்கடியில் இந்தத் தொழிலின் பெறுமதியை இலங்கை நேரில் கண்டது. முந்தைய ஆண்டுத் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. பழைய விலையில் ஒப்பந்தம் எழுதியவர்கள் தத்தளித்தார்கள். விலை ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டும் சூத்திரம் ஒப்பந்தத்தில் இருந்தவர்களால், மாதாந்தம் வரும் விலைச் சுட்டெண்களைக் கொண்டு இழப்பின் ஒரு பகுதியையாவது பெறமுடிந்தது. அந்த வாசகம் இல்லாதவர்கள் கைக்காசைப் போட்டார்கள், அல்லது வேலையைப் பாதியில் விட்டார்கள்.

எங்கே படிப்பது? அரச பல்கலைக்கழகங்களில் மொறட்டுவையின் கட்டடக்கலைப் பீடத்திலுள்ள கட்டடப் பொருளியல் துறை நான்கு வருடச் சிறப்புப் பட்டம் தருகிறது; இடையில் தொழிற்பயிற்சியும் உண்டு. அளவீட்டோடு கட்டட நுட்பம், பொருளியல், ஒப்பந்தச் சட்டம் எல்லாம் படிக்கவேண்டும். கற்பது ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் படித்து வரும் பிள்ளைகளுக்குக் கணக்கைவிட இதுதான் பெரிய மலை. கடிதமும் கோரிக்கை அறிக்கையும் தெளிவாக எழுத வராவிட்டால் நல்ல கணக்கும் வீணாகிவிடும். பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களை ஆங்கில எழுத்துக்குக் கொடுங்கள்.

தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களைக் கொழும்பில் தருகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு, விளம்பரம் மட்டும் பளபளப்பவையும் உண்டு. 1868இல் லண்டனில் தொடங்கிய ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில்சார் நிறுவனத்தின் அங்கீகாரம் பட்டத்துக்கு இருந்தால் பிறகு பட்டய உறுப்பினராகும் பாதை நேராகும். அனுபவம் இல்லாமல் பட்டத்தோடு வருபவர் வழக்கமாக 24 மாதம் மேற்பார்வையில் வேலை செய்து, தான் கையாண்ட வேலை ஒன்றைப் பற்றி 3,000 சொல்லில் அறிக்கை எழுதி, ஒரு மணி நேர நேர்காணலில் தேறவேண்டும். இலங்கையிலும் இத்துறைக்கெனத் தொழில்சார் நிறுவகம் இருக்கிறது. அதன் உறுப்புரிமையும் உள்நாட்டு வேலைக்கு முக்கியம்.

பிள்ளையை எங்காவது சேர்த்து முதல் தவணைப் பணம் கட்டுமுன் மூன்றை விசாரியுங்கள். சேரும் ஆண்டில் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் நடைமுறையில் உண்டா? அளவீட்டையும் ஒப்பந்தத்தையும் கற்பிப்பவர்கள் சைற்றில் வேலை செய்தவர்களா? தொழிற்பயிற்சி இடத்தை நிறுவனமே பிடித்துத் தருமா, பிள்ளை தேடிக்கொள்ளவேண்டுமா? அங்கீகாரம் உண்டென்று சொன்னால், அங்கீகாரம் தந்த அமைப்பிடமே நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.